இன்னொரு பூமியைத் தேடுகிறவர்கள் சூரியனை ஏன் ஆராய்கிறார்கள்?

புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) ஆய்வும் சூரிய ஆய்வும் வெவ்வேறு துறைகள்தானே, ஒன்றுக்கு மற்றது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். துறைகள் வெவ்வேறுதான், தலைவலி ஒன்று. புறக்கோள்களில் பெரும்பாலானவற்றை யாரும் நேரில் பார்த்ததில்லை. விண்மீனின் ஒளியில் வரும் சிறு மாறுதலை வைத்தே கோள் இருக்கிறது என்கிறார்கள். அந்த விண்மீன் தன்பாட்டில் மாறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும்போது 2012 ஜூன் 6ஐத்தான் உதாரணம் காட்டுவேன். அன்று கல்லடிக் கடலில் சூரியன் எழும்போதே அதன் முகத்தில் வெள்ளிக் கோள் கரும்பொட்டாக இருந்தது. 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிந்தது. காலை பத்தேகால் வரை நகர்ந்து நகர்ந்து விளிம்பைத் தாண்டியது. அது மறைத்த ஒளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. வெயில் குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை! நாசாவின் கெப்லர் விண்வெளித் தொலைநோக்கி, கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி குறைவதை அளக்கும் இதே முறையில்தான் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது. ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு நம் பூமி மறைக்கும் சூரிய ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

மற்ற முறை டொப்ளர் விளைவு: கோளின் இழுப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும்போது அதன் ஒளியின் அலைநீளம் சற்று மாறும், அதை அளப்பது. 1995இல் சுவிஸ் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோளைக் கண்டபோது, விண்மீன் செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேல் முன்னும் பின்னும் தள்ளாடியது. பூமி சூரியனை அசைப்பதோ செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர். சூரியனின் மேற்பரப்போ உலைநீர்போல் ஓயாமல் கொதிக்கிறது. அதுவே மீற்றர் கணக்கில் அளவீட்டைக் கலைத்துவிடும். சூரியப் புள்ளிகள் எனும் கரும்பகுதிகள் வேறு சுழன்று வந்து கோள்போல வேடம் போடும். கிளீஸ் 581 என்ற விண்மீனின் கோள் என்று நம்பப்பட்ட ஒன்று விண்மீனின் காந்தச் சேட்டையே என 2014இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே ஸ்பெயினின் லா பல்மா தீவில் ஒரு வேலை செய்கிறார்கள். இரவில் விண்மீன்களின் தள்ளாட்டத்தை அளந்து கோள் தேடும் ஹார்ப்ஸ்-என் கருவிக்கு, 2015 முதல் பகலில் ஒரு சின்னத் தொலைநோக்கி வழியாகச் சூரிய ஒளியைக் கொடுக்கிறார்கள். முழு வட்டின் ஒளியையும் ஒன்றாகக் கலந்து, சூரியனை எங்கோ தூரத்து விண்மீன்போல ஆக்கியே அளக்கிறார்கள். எத்தனை கோள், எது எங்கே நிற்கிறது என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும். அவற்றின் இழுப்பைக் கழித்தால் மிஞ்சுவது சூரியனின் சொந்த ஆட்டம். பரீட்சைக்கு முன் விடை தெரிந்த கணக்கைச் செய்து பார்ப்பதில்லையா? என்னைக் கேட்டால், புதிய கோள் அறிவிப்புகளைவிட இந்த வேலைதான் சுவாரசியம்.

இலங்கை பெயர் வைத்த கோளும் ஒன்று உண்டு. 2019இல் எச்டி 205739 விண்மீனுக்குச் ‘சாமய’ என்றும் அதன் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயரிட்டார்கள். அதுவும் தள்ளாட்டத்தில் அகப்பட்டதே. சாமய வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கும் தென்மீன் விண்மீன் குழுவிலேயே உள்ள போமல்ஹோட் விண்மீன் நன்றாகத் தெரியும்: செப்டெம்பர் கடைசியில், இரவு பத்து மணிபோல், தெற்கே. மாரி தொடங்குமுன் பார்த்துவிடுங்கள்.