‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் சாப்பிட்டால் வயிறு ஏன் கலங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். சமீபமாக டீயோடு ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டும், அவ்வப்போது ‘டயபெடிக்’ மைசூர்பாவும் வாங்கித் தருகிறேன். மூன்று வாரமாக வயிறு உப்புசம், தண்ணீராகப் போகிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிஸ்கட்டையும் மைசூர்பாவையும் ஐந்து நாள் நிறுத்துங்கள். மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் பத்து வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரை அது. அளவைக் கூட்டவில்லை என்றால், புதிதாக வீட்டுக்குள் வந்த பண்டத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகப் பெரும்பாலும் மால்டிடாலோ சார்பிடாலோ இருக்கும். சிறுகுடல் இவற்றை முழுதாக உறிஞ்சுவதில்லை. மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது, அதுதான் பேதி. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, தோசை மாவு பொங்குவது மாதிரி, அதுதான் உப்புசம். மலச்சிக்கலுக்கு நாங்கள் எழுதித் தரும் லாக்டுலோஸ் சிரப்பும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. 10 கிராம் சார்பிடாலே பலருக்கு வயிறு பொருமப் போதும்.

பாக்கெட்டைத் திருப்பி 965, 420 என்ற எண்களைத் தேடுங்கள். முதலாவது மால்டிடால், அடுத்தது சார்பிடால். பேதியாகலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். எங்கே? முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ‘சுகர் ஃப்ரீ’. எச்சரிக்கையோ பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில், கடுகளவு ஆங்கில எழுத்தில். 66 வயதுக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தமிழில், முன்பக்கத்தில் போடச் சொல்ல இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மைசூர்பா இன்னும் மோசம். உதிரியாக எடை போட்டுத் தருவதில் லேபிளே கிடையாது. என்ன சேர்த்தார்கள் என்று கடைப் பையனுக்கும் தெரியாது. என்னிடம் வந்த ஒருவர் மாதக்கணக்கில் சாப்பிட்ட ‘டயபெடிக் லட்டு’, பேரீச்சம்பழமும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பிடித்தது. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். மால்டிடாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் குறைவாக. பிஸ்கட்டில் இருக்கும் மைதாவைக் கேட்கவே வேண்டாம்.

வயிற்றைக் கலக்கும் இந்த மாற்று இனிப்புகளில் ஒரு விலக்கு உண்டு: எரித்ரிடால், எண் 968. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும், பிறகு அது சிறுநீரில் வெளியேறிவிடும். பெருங்குடலுக்குப் போவது கொஞ்சம்தான் என்பதால் வயிறு அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆனால் ‘எரித்ரிடால் சேர்த்தது’ என்று விளம்பரம் செய்துவிட்டு, பொருட்கள் பட்டியலில் மால்டிடாலையும் வைத்திருப்பார்கள். எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். அதனால் 968 இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் 965 நிற்கிறதா என்றும் பாருங்கள். எரித்ரிடாலே ஆனாலும், ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டால் குமட்டும்.

ஐந்து நாளில் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, தலைசுற்றல் இருந்தால் ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம். அதுவரை டீயோடு ஒரு சின்னக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலை கொடுங்கள். சுண்டல் இப்போது வேண்டாம், அதுவும் வாயு.