கஞ்சி வரும் நேரம் – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படிப்பை முடித்துவிட்டு ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். சமூக மருத்துவத்துக்கு ஒதுக்கிய 12 வாரங்களில் இப்போது ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி. காய்ச்சல், சளி, மூட்டுவலி, சர்க்கரை மாத்திரை. நாள் முழுக்க இவைதான். கொஞ்சம் சிக்கலாக யாராவது வந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறோம். 'கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து முதுகலை நீட் தேர்வுக்குப் படி' என்கிறார்கள் சீனியர்கள். நீங்கள் கிராமத்தைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். உண்மையாகவே கேட்கிறேன், இங்கே நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தில் சலிப்பு தெரிகிறது, அலட்சியம் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அம்மா கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணை சுகாதார நிலையத்தின் பின்னறைதான் எங்கள் வீடு. ஹவுஸ் சர்ஜன்கள் வந்து போவதை அதன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தேன். பலர் பதினொரு மணி பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒருவர் மட்டும் அப்படிப் போகவில்லை. வீட்டுப் பார்வைக்குக் கிளம்பிய அம்மாவிடம் "நானும் வரட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். ஷூவைத் திண்ணையில் கழற்றிவைத்துவிட்டு, என் அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அன்று போனது களையெடுக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மாவின் வீட்டுக்கு. சர்க்கரை நோய். பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, மாத்திரையின் அளவையும் கூட்டியிருந்தார்கள். பெரியம்மா பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே இரண்டு மாத மாத்திரை அப்படியே இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு வரக்காப்பி, பிறகு வயல், பதினொரு மணிக்குத்தான் தூக்குவாளியில் கஞ்சி வரும். காலை மாத்திரையை வரக்காப்பியோடு போட்டுக்கொண்டு வெயிலில் குனிந்து வேலை செய்திருக்கிறார். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி, இரண்டு முறை வரப்பில் விழுந்திருக்கிறார். மாத்திரைதான் ஆளைக் கொல்கிறது என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் கணித்தது சரிதானே! வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை அதைத்தான் செய்யும்.

மறுநாள் நிலைய மருத்துவரிடம் பேசி, அளவைக் குறைத்து, காலை மாத்திரையைக் கஞ்சி நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தூக்குவாளியின் மூடிக்குள் மாத்திரையைத் துணியில் முடிந்து வைக்கும் யோசனையைச் சொன்னது அம்மா.

பெரிய மருத்துவமனையில் 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதுகிறீர்களே, அந்தச் சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன, உண்டா இல்லையா என்பதை வார்டில் பார்க்க முடியாது. அங்கே ஆஸ்பத்திரிச் சாப்பாடு, ஆஸ்பத்திரி நேரம், நோயாளி உங்கள் கட்டிலில் படுத்திருக்கிறார். இங்கே நீங்கள் அவர் வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் மருந்து எந்த இடத்தில் தோற்றுப்போகிறது என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது இந்த 12 வாரங்களில்தான். நாளைக்கு நீங்கள் இதய நிபுணரானாலும் சரி, சிறுநீரக நிபுணரானாலும் சரி, உங்களிடம் வரப்போவது அந்தப் பெரியம்மாதான். பத்து வருடம் கழித்து வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பழியை மாணவர்கள் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவப் படிப்பில் நோய்த் தடுப்புக்கும் சமூக மருத்துவத்துக்கும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையிலான குழு சொன்னது 1946இல். ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1952இல் தொடங்கின. மருத்துவக் கல்லூரிகளைக் கிராமத்தின் பக்கம் திருப்ப 1977இல் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டுவந்தது. இப்போது முதுகலை மாணவர்களுக்கும் மூன்று மாத மாவட்டப் பணி வந்திருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே அனுப்பப்படும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஒற்றை மருத்துவர் கூட்டமான புறநோயாளிப் பிரிவையும் பார்த்து, அறிக்கையும் அனுப்பி, கூட்டத்துக்கும் போய்விட்டு வருகிறார். அவரால் உட்கார்ந்து பாடம் நடத்த முடியுமா? பெண் மருத்துவர் இரவு தங்க, தாழ்ப்பாள் சரியாக விழும் ஓர் அறையாவது இருக்கிறதா? இவை எதுவும் இல்லாமல் வருகைப் பதிவேட்டை மட்டும் நீட்டினால் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலாண்டிலேயே மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகப் போகச் சொல்கிறது. கூடவே ஆசிரியர்களும் போகிறார்கள். அங்கே கிராமப் பயிற்சி வெறும் சடங்காகிவிடாமல் இருக்க அதுவே காரணம் என்பேன். தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் 1993இல் கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கிய ரெஜி, லலிதா என்ற மருத்துவர் தம்பதியையும் நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து ஊர்ப் பழங்குடிப் பெண்களையே அவர்கள் செவிலியராக்கினார்கள். மருத்துவமனை ஊரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு நான் நேரில் கண்ட சான்று அது.

முதுகலைத் தேர்வுப் பயம் நியாயமானது. மாலையில் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளை எனக்காகக் கொடுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். முந்தின நாளே உங்கள் நிலையத்துச் செவிலியரிடம் "கூட வரட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பையை உடனே தடுப்பூசி எடுத்துப்போகும் பெட்டிக்குள் வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து, காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகே அடுக்குவார். முழுக் கட்டியாக வைத்தால் சில தடுப்பூசிகள் உறைந்து கெட்டுப்போகும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருப்பீர்கள், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஊசி போட்டு முடித்ததும் அவர் வீட்டுப் பார்வைக்குக் கிளம்புவார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் யார் என்று அவரிடம் கேட்டு, அந்த ஒரு வீட்டுக்காவது கூடப் போய்விட்டு வாருங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வரப்பில் ஷூ வழுக்கும்.