நீங்கள் பதிவு செய்யாமல் விட்ட பகுதி

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு 76 வயது. அம்மா காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறார். இரண்டு அண்ணன்களும் நெய்வேலியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், தீபாவளிக்கு வந்து போவார்கள். அப்பாவுக்கு மூன்று ஆண்டுகளாக மறதி. மூளையின் முன்பகுதி சுருங்கி வருவதாக மருத்துவர் சொல்கிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது உறவினர் முன்னிலையிலேயே, "உன்னைப் படிக்க வைத்த காசு தண்டம்" என்கிறார். கெட்ட வார்த்தைகளும் வருகின்றன. ஒரு நாள் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். (வழக்கம்போல உடனே "சாப்பிட்டியா பாப்பா" என்று ஆரம்பித்தார், அதற்குள் நிறுத்திவிட்டேன்.) அண்மையில் என் மகனோடு 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் 'கனன்ட்ரம்' என்ற அத்தியாயத்தைப் பார்த்தேன். விண்கப்பலில் எல்லோருக்கும் நினைவு போனதும், உள்ளே இருந்தது வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் அப்பா இத்தனை காலம் காட்டிய பாசம் நடிப்பா? இப்போது பேசுகிறவர்தான் உண்மையான அப்பாவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியைவிட்டு நகரவில்லை. அப்பாவின் வசவு பதிவு செய்யத் தக்கதாக உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே மூச்சில் வந்த விசாரிப்பு தெரியவில்லை. பாதியில் வெட்டிய அந்தப் பதிவை அண்ணன்களும் அண்ணிகளும் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டு, உண்மையான அப்பா யார் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

1992 பிப்ரவரியில் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஓயாமல் உரசிக்கொண்டிருந்த கப்பல் அதிகாரிகளான ரைக்கரும் ரோ லாரன் என்ற பெண்ணும் தாம் யாரென்று மறந்த நிலையில் நெருங்கிப் பழகுவதையும், நினைவு திரும்பிய பின், ஒருவேளை நம் மனத்தில் எப்போதும் இருந்தது அதுதானோ என்ற பொருள்பட ரோ பேசுவதையும் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அது கதையின் ஒரு கிளை மட்டுமே. கப்பலில் இருப்பவர்களுக்குக் கைத்தொழில் மறக்கவில்லை, பெயர்தான் மறந்துவிட்டது. ஆகவே தாம் யார், எதற்காக வந்தோம் என்பதைக் கணினியின் ஆவணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அந்த ஆவணமோ திருத்தப்பட்டது. மக்டஃப் என்ற பெயரில், கப்பலின் துணைத் தலைவனாக அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் வேற்றுக்கிரகத்தான், தன் இனத்துக்குப் பகையான லைசியர்களை அவர்கள் கையால் அழிக்கப் பார்க்கிறான். ஆவணத்தை நம்பி ஒரு லைசியக் கப்பலைத் தகர்த்தும் விடுகிறார்கள். நினைவு இழந்தவர்களைவிட, அவர்களுடைய ஆவணத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவனே அங்கே பெருங்கேட்டை விளைவித்தான்.

உங்கள் வீட்டில் அப்பாவின் ஆவணம் இப்போது உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் அண்ணியைப் பொறுத்தவரை, மாமனார் என்றால் அந்தப் பதிவில் வாய் கூசாமல் பேசும் கிழவர்தான். வேளை தவறாமல் சாப்பிட்டாயா என்று கேட்கிறவரை அவர் பார்க்கவே இல்லை, ஏனென்றால் நீங்கள் காட்டவில்லை.

அப்பாவின் மனத்தில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததே இல்லை என்று எழுதி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. எழுத்தர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவருக்கு, கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய இரவில் அந்த நினைப்பு வந்து போயிருக்கலாம். வந்தும் அதை ஒரு நாளும் உங்கள் காதில் விழவிடாமல், கேட்ட பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதல்லவா முக்கியம்? எண்ணமும் அவருடையது, அதை நாவுக்கு வரவிடாமல் பிடித்து வைத்த வைராக்கியமும் அவருடையது. எதை எங்கே சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று நிறுத்துப் பார்ப்பது பெரிதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியின் வேலை. நோய் தின்றுகொண்டிருப்பது அந்தப் பகுதியைத்தான். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் மேற்பார்வையாளராக இருந்த ஃபினியாஸ் கேஜ் என்பவரின் மண்டையின் முன்பகுதியை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. பிழைத்து எழுந்த அந்த நல்ல மனிதர் வாய்க்கு வந்தபடி பேசலானார். அவரைப் பழைய கேஜ் இல்லை என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். உண்மையான கேஜ் இப்போதுதான் வெளியே வந்தார் என்று சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தடை விட்டுப்போனது நோயால். உங்கள் மூளை நலமாக இருக்கிறதே, உங்களுக்கு ஏன் விட்டுப்போயிற்று? தனியாகச் சுமக்கிறேன், அண்ணன்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்ற ஆற்றாமை அந்தப் பதிவுக்குப் பின்னால் இருப்பது எனக்குப் புரிகிறது. அந்த வழக்கு நியாயமானது. அதற்காக, வாய் திறந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாத ஒருவரின் மானத்தையா பணயம் வைப்பது? சிறு வயதில் நாம் படுக்கையை நனைத்ததையும், பொய் சொல்லி அகப்பட்டதையும் பெற்றவர்கள் நான்கு பேருக்குத் தெரியாமல் மூடித்தான் நம்மை ஆளாக்கினார்கள். அவர்கள் தளர்ந்த காலத்தில் அந்த மறைப்பைத் திருப்பிச் செய்வது பிள்ளைகளின் கடன் என்றே நான் நம்புகிறேன், அதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அதே அத்தியாயத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட காட்சி இன்னொன்று உண்டு. தன் பெயரை ஆவணத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்ட கேப்டன் பிக்கார்ட், எதிர்த்துச் சுட வலுவில்லாத லைசியர்களின் தலைமையகத்தைத் தாக்க வேண்டிய நேரத்தில், முடியாது என்று மறுத்துவிடுகிறார். எல்லாம் போன பிறகும் அது அவரிடம் மிஞ்சியிருக்கிறது. உங்கள் அப்பாவிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இன்றே அந்தப் பதிவை அழித்துவிடுங்கள், குழுவில் இருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் வாயால் சொன்னால் போதும். அவர் கேட்டால், அவருக்கு மட்டும் காட்டப் பதிவு செய்யுங்கள். அப்பா வசவைத் தொடங்கும்போது வாதாடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே விவரத்தைச் சொல்லி வைத்தால், உங்களுக்கும் அவமானமாக இராது. திடீரென்று ஓரிரு நாளில் பேச்சும் நடத்தையும் மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கீழே விழுந்து தலையில் பட்ட அடி ஆகியவையும் முதியவர்களை அப்படிப் புரட்டிப் போடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.

அண்ணன்களை உங்கள் வீட்டுக்கு நேரில் வரச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒரே கடமையைத்தான் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். நெய்வேலி அண்ணன் மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும், வர முடியாத சென்னை அண்ணன் பகல்நேர உதவியாளருக்கான சம்பளத்தை ஏற்கட்டும். கெஞ்ச வேண்டாம், உரிமையோடு கேளுங்கள். மறுத்தார்கள் என்றால் மீண்டும் எனக்கு எழுதுங்கள்; அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.