சங்கத்துல கட்டுற பென்ஷன் காசு கடைசில கைக்கு வருமா?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு பேரணாம்பட்டு, ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில தையல் செக்ஷன்ல இருக்கேன், வயசு 46. 2008-ல வேற கம்பெனில சேர்ந்தேன், 2014 நடுவுல அத விட்டுட்டு அந்த வருஷக் கடைசில இங்க வந்தேன், 11 வருஷம் ஆவுது. பேசிக், டிஏ சேர்த்து 12,000 ரூபா, பிஎஃப் பிடிக்கறாங்க. அது இல்லாம எங்க சங்கத்துல பென்ஷன் நிதின்னு மாசம் 200 ரூபா 9 வருஷமா குடுத்துக்கினு வர்றோம், 58 வயசுக்கு மேல மாசாமாசம் 3,000 தருவோம்னு சொன்னாங்க. ஒரு நோட்டுல எழுதி கையெழுத்து போட்டு குடுப்பாங்க, அவ்ளோதான். இப்ப தலைவர் மாறிட்டாரு, கணக்கு கேட்டா எங்க மேல நம்பிக்கை இல்லையான்னு கேக்கறாங்க. 18 வயசு பையன் இருக்கான், அமெரிக்காலயே யூனியன் பென்ஷன் ஃபண்டு கவுந்துச்சாம், நீ ஏம்மா கட்டறன்னு திட்டறான். நிறுத்திடலாமா சார்? பிஎஃப் பென்ஷனாவது வருமா?

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கணக்கு கேட்டதுக்கு நீங்க ஒரு துளி கூட சங்கடப்பட வேணாம். உங்க காசு, உங்க கேள்வி. தலைவர் நல்லவரா கெட்டவராங்கற பேச்சுக்குள்ளயே நான் போகல, அவர் ரொம்ப நல்லவராவே இருக்கட்டும், ஆனா இந்த 3,000 ரூபா கணக்கு உதைக்குதும்மா. நீங்க 37 வயசுல ஆரம்பிச்சீங்க, 58 வரைக்கும் 21 வருஷம் மாசம் 200 கட்டுனா நீங்க போட்ட காசு 50,400. அத எங்கயோ 8 சதவீத வட்டிக்கு ஒழுங்கா போட்டு வச்சிருக்காங்கன்னே வச்சுக்குவோம், கடைசில சுமார் 1,30,000 தான் ஆகும். அதுல இருந்து மாசம் 3,000 எடுத்தா நாலு வருஷம், நாலேகால் வருஷத்துல பானை காலி. உங்களுக்கு அப்ப 62 வயசு. அதுக்கப்புறம் உங்களுக்கு குடுக்கணும்னா புதுசா சேர்ற பொண்ணுங்க கட்டற 200-ல இருந்து தான் எடுத்து குடுக்கணும், ஒருத்தருக்கு 3,000 குடுக்க 15 பேர் கட்டணும். கம்பெனி ஆர்டர் குறைஞ்சு ஆள் எடுக்கறத நிறுத்துன அன்னைக்கே இது நின்னுடும்.

உங்க பையன் சொன்னதும் இதே கதை தாம்மா. அங்க டீம்ஸ்டர்ஸ்னு லாரி டிரைவருங்க சங்கம், அவங்களோட சென்ட்ரல் ஸ்டேட்ஸ் பென்ஷன் ஃபண்டு, யாரும் நோட்டுல எழுதி வச்ச நிதி இல்ல அது, 1974-லயே பென்ஷனுக்குன்னு தனி சட்டம் போட்ட நாடு, சங்கமும் முதலாளிங்களும் சேர்ந்து உக்காந்த டிரஸ்டிங்க, வருஷா வருஷம் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் இருந்துச்சு. ஆனா 1980-க்கு அப்புறம் லாரி கம்பெனிங்க ஒண்ணு ஒண்ணா மூடுனாங்க, கட்டறவங்க குறைஞ்சாங்க, வாங்கறவங்க கூடிட்டாங்க, நடுவுல ஷேர் மார்க்கெட்டும் அடி வாங்குச்சு. 2022 டிசம்பர்ல அரசாங்கம் சுமார் 3,600 கோடி டாலர் குடுத்து தான் தூக்கி விட்டுச்சு, இல்லன்னா 3,50,000 பேருக்கு பென்ஷன் கிட்டத்தட்ட 60 சதவீதம் வெட்டு விழுந்திருக்கும். அவ்ளோ சட்டம் இருந்த இடத்துலயே அந்த கதின்னா, ரெக்சின் அட்டை போட்ட நோட்டுக்கு யார் வந்து பணம் குடுப்பா?

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 1996-ல பாலாறு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்து கழிவுநீர சுத்தம் பண்ணாத டேனரி எல்லாம் மூடணும்னு சொன்னப்ப, ராணிப்பேட்டை பக்கம் எங்க அப்பா வேலை செஞ்ச தோல் கம்பெனியும் மூடிடுச்சு. ஒரு பிஸ்கட் டப்பால ஆறு வருஷ சம்பள சீட்டு மடிச்சு மடிச்சு வச்சிருந்தார், எல்லாத்துலயும் பிஎஃப்னு ஒரு வரி, பக்கத்துல பிடிச்ச தொகை பேனாவுல எழுதி இருக்கும். அத எடுத்துக்கினு ஆபீஸ் போனா ரெண்டரை வருஷத்துக்கு தான் கட்டி இருக்காங்க. பிடிச்சது ஆறு வருஷம், கட்டுனது ரெண்டரை. அந்த டப்பா இன்னும் என் பீரோல இருக்கு. அதனால தான் பிடிக்கறாங்கன்னு யாராவது சொன்னா, கட்டறாங்களான்னு பாத்தீங்களான்னு நான் திரும்ப கேக்கறது.

சரி, உங்க பிஎஃப் பென்ஷனுக்கு வருவோம், உங்க நிஜமான பென்ஷன் அங்க தான் இருக்கு, அத பாக்காம இந்த 200-ஐயே நினைச்சு கவலைப்பட்டுக்கினு இருக்கீங்க. கம்பெனி உங்களுக்காக கட்டற 12 சதவீதத்துல 8.33 இபிஎஸ்-னு பென்ஷனுக்கு போகுது, உங்க சம்பளத்துக்கு அது மாசம் 1,000 ரூபா, மத்திய அரசு அதுக்கு மேல 1.16 சதவீதம் போடுது. இது 1995-ல வந்த திட்டம், பத்து வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல பென்ஷன் உண்டு, தலைவர் மாறினாலும் கம்பெனி மூடினாலும் இது மாறாது. கணக்கு ரொம்ப சுலபம், கடைசி 60 மாசத்து சராசரி சம்பளத்த சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும், சம்பளம் 15,000-க்கு மேல இருந்தாலும் 15,000 தான் எடுப்பாங்க. 20 வருஷம் தாண்டுனவங்களுக்கு ரெண்டு வருஷம் கூட சேர்த்து குடுப்பாங்க. இந்த கம்பெனில இப்ப 11, இன்னும் 12, மொத்தம் 23, கூட ரெண்டு, 12,000 சம்பளத்துலயே நின்னாலும் சுமார் 4,300 ரூபா வருது. உங்க சங்கம் சொன்ன 3,000-ஐ விட கூட.

குறை இல்லாத திட்டம்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவை பென்ஷன் ஆரம்பிச்சா விலைவாசி ஏறுனாலும் அது ஏறாது, 2014-ல வச்ச குறைஞ்சபட்சம் 1,000 ரூபா அப்டியே நிக்குது, 7,500 ஆக்குங்கன்னு பென்ஷன்காரங்க வருஷக்கணக்கா போராடிக்கினு இருக்காங்க, அது நியாயமான கோரிக்கை. ஆனா வருமான்னு கேட்டீங்கல்ல, வரும்.

இப்ப நான் உங்கள ஒரு கேள்வி கேக்கணும், 2008-ல இருந்து 2014 வரைக்கும் வேலை செஞ்ச அந்த முதல் கம்பெனி காசு என்னாச்சு? நம்ம பக்கம் ஷூ கம்பெனில வேலைய விட்டதும் ஏஜெண்ட் ஒருத்தர புடிச்சு ரெண்டு ஃபாரத்துல கையெழுத்து போட்டு குடுத்துடுவாங்க, ஒண்ணு 19, இன்னொண்ணு 10சி. 19 பிஎஃப் காசுக்கு, அது போனா போகட்டும். 10சி போட்டு பென்ஷன் காசையும் எடுத்திருந்தீங்கன்னா அந்த ஆறு வருஷ சர்வீஸ் அழிஞ்சுடுச்சு, அப்ப கைக்கு வந்தது சுமார் ஆறு மாச சம்பளம் அளவுக்கு தான் இருக்கும். எடுக்கலன்னா அந்த ஆறு வருஷம் இன்னும் உயிரோட இருக்கு, 2014 செப்டம்பருக்கு முன்னாடி சர்வீஸுக்கு 6,500 ரூபா வரைக்கும் தான் கணக்கு, அப்படி பாத்தாலும் மாசம் 550 ரூபா வரைக்கும் உங்க பென்ஷன்ல கூடும், சாகற வரைக்கும். எந்த கம்பெனிக்கு மாறினாலும் பிஎஃப் கணக்க ஒண்ணா சேர்க்கற யூஏஎன் நம்பர் அந்த காலத்துல கிடையாது, அதனால பழைய கணக்கு தானா வந்து ஒட்டிக்காது, பழைய சம்பள சீட்டுல பிஎஃப் நம்பர் இருக்கான்னு தேடி எடுத்துக்கினு வேலூர் பிஎஃப் ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு போட்டு போங்க. வார்த்தைல கேக்காதீங்க, எழுதி குடுத்து ரசீது வாங்குங்க.

பையனோட போன்ல உமங் ஆப் போட்டு பாஸ்புக்க திறந்து மாசம் மாசமா பாருங்க, கம்பெனி அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும், ரெண்டு மூணு மாசம் இடைவெளி இருந்தா அதுதான் எங்க அப்பாவுக்கு நடந்தது, உடனே புகார் போடுங்க. பொறந்த தேதி, பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கணும். நாமினேஷன் போட்டிருக்கீங்களா பாருங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்காரருக்கும் 25 வயசு வரைக்கும் பையனுக்கும் பென்ஷன் இருக்கு, இன்சூரன்ஸ் 2,50,000-க்கு குறையாம இருக்கு. சங்கத்து நோட்டுல நீங்க செத்தா என்னன்னு ஒரு வரியாவது எழுதி இருக்கா?

அந்த 200-ஐ நிறுத்திடுங்க. ஆனா சங்கத்த விட்டுடாதீங்கம்மா, இத நான் அழுத்தி சொல்றேன். சந்தா வேற, பென்ஷன் நிதி வேற. டிஏ கேக்கவும், பிஎஃப் கட்டாத கம்பெனிய கேள்வி கேக்கவும் சங்கம் வேணும், தனியா நின்னு எங்க அப்பா என்ன சாதிச்சாரு சொல்லுங்க. இதுவரைக்கும் கட்டுன 21,600-ஐ கேக்கறதுக்கு தனியா போகாம உங்க லைன்ல இருக்கற பொண்ணுங்க பத்து பேர் சேர்ந்து ஒரே பேப்பர்ல எழுதி குடுங்க, பணம் எந்த பேங்க்ல யார் பேர்ல இருக்கு, 3,000 தருவோம்னு சங்க விதில எங்க எழுதி இருக்கு, ஆடிட் பண்ண கணக்கு எங்க, விலகுறவங்களுக்கு எவ்ளோ திரும்ப வரும்னு. தொழிற்சங்க சட்டத்துலயே உறுப்பினர் கணக்கு புத்தகத்த பாக்கலாம்னு இருக்கு, இது சண்டை இல்ல, உரிமை. அப்பவும் காட்டலன்னா தொழிலாளர் துறைல தொழிற்சங்க பதிவாளர்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு எழுதலாம். கட்டுன நோட்டு எல்லா பக்கத்தையும் இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுடுங்க, நோட்ட யார் கேட்டாலும் குடுக்காதீங்க.

மிச்சமாகுற 200-ஐ, பாஸ்புக்ல இடைவெளி இல்லன்னு உறுதி ஆனப்புறம், பிஎஃப்லயே கூடுதலா பிடிக்கச் சொல்லி கம்பெனில எழுதி குடுங்க. 2024-25-க்கு 8.25 சதவீதம் குடுத்தாங்க, 8-னு வச்சாலும் 12 வருஷத்துல சுமார் 48,000 சேரும். பெரிய பணம் இல்ல தான், ஆனா உங்க பேர்ல இருக்கும். அரசாங்கத்தோட அடல் பென்ஷன் திட்டம் உங்க வயசுக்கு கிடையாது, 40-ஓட முடிஞ்சுடும், ஆனா திட்டற பையனுக்கு 18 தானே, இந்த வயசுல சேர்ந்தா மாசம் 210 ரூபாய்க்கு 60-க்கு அப்புறம் மாசம் 5,000 உண்டு. பேங்க் பாஸ்புக்கோட அவன கூட்டிக்கினு போய் சேர்த்து விடுங்க.

வேலூர் ஆபீஸ் போயிட்டு வந்து அந்த முதல் ஆறு வருஷம் இருக்கா இல்லையான்னு எனக்கு எழுதுங்க, அத வச்சு உங்க பென்ஷன் கணக்க திரும்ப போட்டு தர்றேன்.