அம்மாவின் கீமோ ஷீட்டில் பிஎஸ்ஏ (உடல் மேற்பரப்பளவு) 1.63 என்று இருக்கிறது, போன் செயலியில் 1.62 வருகிறது. எது சரி? எடையை மட்டும் வைத்து மருந்து கொடுக்கக் கூடாதா?

இரண்டும் சரிதான், சூத்திரம்தான் வேறு. நான் கீமோ மருந்து கலக்கும் பிரிவில் மருந்தாளுநர். இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

அம்மாவுக்கு உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ என்கிறீர்கள். இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.63 சதுர மீட்டர். இது மோஸ்டெல்லர் 1987-ல் சொன்ன வழி. செயலியில் டூபாய்ஸ் சூத்திரம் இருக்கும். சதுர மீட்டருக்கு 100 மி.கி. என்ற மருந்தில் வித்தியாசம் வெறும் 1 மி.கி. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்கும் அந்த டூபாய்ஸ் சூத்திரம் 1916-ல் ஒன்பதே பேரின் உடம்பை அச்செடுத்து, விரித்து அளந்து உருவாக்கியது. அதனால் இரண்டாவது தசம இலக்கத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. எடையைச் சரியாகப் பார்த்தார்களா என்பதுதான் முக்கியம். கீமோவில் பலருக்குச் சாப்பாடு இறங்காது. அம்மா 52 கிலோவுக்கு வந்துவிட்டால் கணக்கு 1.52 ஆகிவிடும், அதே மருந்து 163-லிருந்து 152 மி.கி.க்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும், அதாவது ஒவ்வொரு சுற்று மருந்துக்கும், புதிதாக எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "போன தடவை எவ்வளவும்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டால் விடாதீர்கள். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எடை ஏமாற்றும்.

எடை மட்டும் ஏன் போதாது? 1958-ல் பிங்கெல் என்ற குழந்தை மருத்துவர் சில புற்றுநோய் மருந்துகளின் அளவை எலி, குழந்தை, பெரியவர் என்று ஒப்பிட்டார். கிலோ கணக்கில் பார்த்தால் எட்டாத தூரத்தில் இருந்த அளவுகள், பரப்பளவுக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால் மருந்தை வெளியேற்றுவது தோல் இல்லையே, கல்லீரலும் சிறுநீரகமும்தானே! அதனால் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு இந்தக் கணக்கே கிடையாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து அளவு போடுவோம். வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்தில் கணக்கு எவ்வளவு வந்தாலும் வழக்கமாக 2 மி.கி.யோடு நிறுத்திவிடுவார்கள், நரம்பைப் பாதிக்கும் என்பதால். அம்மாவின் ஷீட்டில் இவற்றில் ஏதாவது இருந்து, பிஎஸ்ஏ-வோடு பெருக்கிப் பார்த்தால் விடை ஒத்துவராது. அது தப்பு இல்லை.