மழைக்கு ஒரு மேசை

கேள்வி: 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை. நவம்பரில் என்ன செய்யலாம்? – நூலகப் பொறுப்பாசிரியர்

பதில்: நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம்; மழைக்காலமும் கூட. ‘மழை’ என்றே ஒரு மேசை போடுங்கள். புயல், தவளை, பேய்க்கதை, வெள்ளம் என 15 புத்தகங்கள் போதும். முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்துங்கள். ஜன்னலோரம் வேண்டாம், சாரலில் அட்டை உப்பிவிடும்.

பாதிப் புத்தகங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே மூன்றே சொல் எழுதுங்கள்: ‘தீவு, திருட்டு, நாய்’. பதிவெண்ணை மூலையில் குறிக்க மறந்தால், யாருக்கு எது போனது என்று பிறகு தேடித் திண்டாட வேண்டும். பிரித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: ‘காட்சிக்கு மட்டும்’ என்று எழுதி வைப்பது. எடுத்துப்போகத்தான் மேசை! காலி இடத்தை அன்று மாலையே நிரப்புங்கள். திருப்பித் தரும்போது விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள், அது வீட்டுப்பாடமாகிவிடும். துண்டுச்சீட்டில் ஒரு வரி, பெயர்கூட வேண்டாம். அதை அந்தப் புத்தகத்திலேயே செருகிவிடுங்கள். ஆசிரியர் பரிந்துரையைவிடச் சக மாணவன் கிறுக்கிய ‘செம, ஆனா முடிவு மொக்கை’க்கு மவுசு அதிகம். மூன்று வாரத்தில் மேசையைக் கலைத்து, பொங்கலுக்கு வேறு போடுங்கள்.