எதைப் படிப்பது, எந்தப் பணிக்குப் போவது: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, கல்லூரியில் எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது, அது எந்தப் பணியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரியில் நடத்திய தொழில்நாட்டத் தேர்வில் எனக்குக் கலைநாட்டம் மிகுதி என்று முடிவு வந்திருக்கிறது. நானோ புள்ளியியல் எடுக்கலாம் என்று எண்ணியிருந்தேன். தேர்வின் முடிவுப்படி நடப்பதா, என் எண்ணப்படி நடப்பதா? (முதலாமாண்டு மாணவி)

பதில்: நீங்கள் எழுதிய தேர்வு, ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த வகைப்பாட்டின் வழியில் வந்ததாக இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், படையில் சேர்ந்தவர்களை நேர்கண்டு யாரை எந்தப் பணிக்கு அனுப்பலாம் என்று பிரிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. அவர்கள் முன்பு பார்த்த வேலைகளைக் கேட்டுக் கேட்டு, மனிதர்களின் நாட்டங்களைச் சில வகைகளுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. கைத்திறன், ஆய்வு, கலை, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடுத்துதல் என்று அவர் பிரித்த வகைகள் ஆறு. ஒருவரை ஒரே பெட்டிக்குள் போட்டு மூடுவது அவருடைய நோக்கமன்று. முதல் மூன்று இடங்களில் எவை வருகின்றன, எந்த வரிசையில் வருகின்றன என்பதைத்தான் பார்க்கச் சொன்னார். உங்கள் முடிவுத்தாளில் இரண்டாவதாக ஆய்வு என்று இருந்தால், புள்ளியியலுக்கும் அதற்கும் பகையே இல்லை. திரட்டிய எண்களைப் பார்த்தவுடன் புரியும் வரைபடமாக ஆக்குவதற்குக் கலைக்கண் கட்டாயம் வேண்டும்.

இத்தகைய தேர்வுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘படம் வரையப் பிடிக்குமா?’ என்றால் யாரும் தயங்காமல் விடை சொல்லிவிடலாம். ‘காப்பீட்டு இடர்களைக் கணக்கிடப் பிடிக்குமா?’ என்றால், அந்த வேலையைக் கண்ணாலும் பார்த்திராத பதினெட்டு வயதுப் பெண் எதை வைத்து விடை சொல்வாள்? 1908இல் பாஸ்டனில் தொழில்வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுத்தல் என்று மூன்று படிகளைச் சொன்னார். உங்கள் தேர்வு முதற்படிக்கு மட்டும் ஓரளவு உதவியிருக்கிறது. இரண்டாம் படிக்கு, புள்ளியியலாளர் ஒருவருடன் ஒரு முழு நாள் உடனிருந்து, அவர் காலையில் கணினியைத் திறந்தது முதல் மூடுவது வரை என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி, பிழையும் விடுபாடும் நிறைந்த தரவைச் சீர்செய்வதிலேயே கழிவதைக் காண்பீர்கள். அதைக் கண்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தயங்காமல் புள்ளியியலை எடுங்கள்.

கேள்வி: இயந்திரப் பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். பாடம் துளியும் ஒட்டவில்லை. பொருளாதாரத்துக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஓராண்டாவது வீணாகும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மாறுவது அறிவீனம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (இரண்டாமாண்டு மாணவர்)

பதில்: ஒட்டாதது எது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பொறியியலில் தொடக்க ஆண்டுகளின் பெரும்பகுதியைக் கணிதமும் இயற்பியலும் பிடித்துக்கொள்கின்றன. எந்திரம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் கைக்கு வருகிறது. ஆகையால் உங்களுக்குப் பிடிக்காதது இயந்திரவியலா, அதன் வாசற்படியா என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திராது. ஓர் ஆசிரியரின் வறண்ட வகுப்பு, ஒரு பருவத்தில் குறைந்த மதிப்பெண், உடன் தங்கியிருப்பவர்களோடு ஒத்துப்போகாமை ஆகியவைகூடப் பாடத்தின் மீதான வெறுப்பாக வேடம் போட்டுக்கொண்டு வருவதை எத்தனையோ மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பொருளாதாரம் என்பது நாளேட்டின் தலையங்கமும் சூடான விவாதமுமாகத் தெரிகிறது. உள்ளே போனால் நுண்கணிதமும் புள்ளியியலும் காத்திருக்கின்றன. நீங்கள் தப்பியோடுவது கணிதத்திலிருந்து என்றால், பொருளாதாரம் ஒளிந்துகொள்ள ஏற்ற இடமன்று. இதைச் சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நுண்ணியல் பொருளாதாரத்தின் இடைநிலைப் பாடநூல் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து, ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அதன் இறுதியில் உள்ள கணக்குகளைத் தாளில் போடுங்கள். படிப்பதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. எந்தப் பாடமும் படிக்கும்போது இனிமையாகத்தான் இருக்கும். மூன்றாவது கணக்கில் சிக்கிக்கொண்டு, விடைப் பக்கத்தைத் திருப்பாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறதா, எழுந்து போன பிறகும் அந்தக் கணக்கு மனத்தில் ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரம் மாலைப்பொழுதுகளை இதற்கு ஒதுக்குங்கள்; முடிந்தால் அனுமதி பெற்று, பொருளாதார மூன்றாமாண்டு வகுப்பு ஒன்றின் கடைசி வரிசையில் அமர்ந்து வாருங்கள்.

மாறுவது அறிவீனம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2011–12இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்து முதன்மைப் பாடத்தை அறிவித்த மாணவர்களில், மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது பாடத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு என்று அந்நாட்டுக் கல்வித்துறையின் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்டது. இளநிலைப் பட்டத்துக்குக் கணிதத்தை எடுத்துத் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 52 விழுக்காட்டினர், வேறு பாடத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளிக் கணிதமும் கல்லூரிக் கணிதமும் பெயரில்தான் ஒன்று என்பதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அங்கே கணக்கிட்டு விடை கண்டவர்கள், இங்கே நிறுவிக் காட்ட வேண்டியிருக்கிறது. மாறிய அத்தனை பேரையும் அறிவிலிகள் என்று சொல்லிவிட முடியாது.

கழிந்துபோன ஆண்டுகளை முடிவுக்குள் இழுக்காதீர்கள். மாறினாலும் மாறாவிட்டாலும் அவை திரும்பி வரப்போவதில்லை. இனிச் செலவாகப் போகும் ஆண்டுகளையும், அதற்கு ஆகும் பணத்தையும் மட்டும் எடை போடுங்கள். நீங்கள் இறுதியாண்டில் இருந்திருந்தால், பட்டத்தை முடித்துக்கொண்டு முதுநிலையில் மாறுங்கள் என்று எழுதியிருப்பேன். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, உயிரியலைக் கற்பதற்காக மீண்டும் மாணவராகப் போய் இரண்டு ஆண்டுகள் அமர்ந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசோ வேதியியலுக்கானது. எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் மாறிய கட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் இரண்டாமாண்டு மிகவும் முந்தியது.

கேள்வி: என் மகன் வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். கணினி அறிவியலில் சேர்ந்தால் நல்ல ஊதியம் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. நான் தடுப்பது தவறா? (ஒரு தந்தை)

பதில்: ஊதியத்தைப் பற்றிக் கவலைப்படுவது குறுகிய புத்தி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சராசரியாகப் பார்த்தால், பொறியியலும் கணினியும் படித்தவர்கள், வரலாறும் இலக்கியமும் படித்தவர்களைவிடக் கூடுதலாகவே ஈட்டுகிறார்கள். ஆனால் சராசரி என்பது ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்கள் மகனைப் பற்றிய செய்தி அன்று. ஒரே துறைக்குள் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. விருப்பமில்லாமல் கணினி படித்துக் கடைநிலையில் நிற்பவரைவிட, விரும்பி வரலாறு படித்து முன்வரிசைக்கு வந்தவர் கூடுதலாகச் சம்பாதிப்பது அரிதான நிகழ்ச்சியன்று.

இன்னொன்றையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு எந்தத் துறையில் ஊதியம் உயர்ந்திருக்கிறதோ அந்தத் துறையை நோக்கி மாணவர்கள் திரளுகிறார்கள். ஆனால் அவர்கள் பட்டத்தோடு வெளியே வருவது நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் தேவை நிரம்பிவிட்டால், வந்தவர்களுக்கு வேலையும் ஊதியமும் குறைகின்றன. அதைப் பார்த்து அடுத்த அணி மாணவர்கள் விலகிப் போகிறார்கள். மேலும் நான்கு ஆண்டுகள் கழித்து ஆள் கிடைக்காமல் ஊதியம் மறுபடி ஏறுகிறது. பொறியாளர்களின் எண்ணிக்கையும் தொடக்க ஊதியமும் இப்படி மாறிமாறி ஏறி இறங்குவதை, ரிச்சர்ட் ஃபிரீமன் என்ற பொருளியலாளர் 1976இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வரைபடத்தில் இட்டால் சிலந்தி வலை போலத் தெரிவதால், விளைபொருள் விலைகளுக்கு முன்பே வழங்கிய ‘சிலந்திவலை’ என்ற பெயரையே இதற்கும் வைத்தார்கள். 2000இல் இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்த பின்பு, அமெரிக்காவில் கணினி அறிவியலை விட்டு மாணவர்கள் பெருமளவில் விலகிப்போனார்கள். அந்த மெலிந்த ஆண்டுகளில் துணிந்து சேர்ந்தவர்களுக்குப் பின்னால் வாய்ப்புகள் குவிந்தன. பொருளியலாளர்கள் டேவிட் டெமிங்கும் கதீம் நோரேயும் 2020இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. பொறியியல், கணினி போன்ற படிப்புகளுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் ஊதியம், பணியில் சேர்ந்த முதல் பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அத்துறைகளில் கற்ற திறன் விரைவில் பழையதாகிவிடுவதே காரணம் என்கிறார்கள்.

தடுக்க வேண்டாம், ஆனால் கேளுங்கள். தேர்வுக்கு வெளியே, யாரும் சொல்லாமல், வரலாற்றில் எந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறான் என்று கேளுங்கள். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு ஆவணங்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்று சலிக்காமல் ஆராயும் பொறுமை இருக்கிறதா, பழங்கதைகளைக் கேட்கும் ஆசை மட்டும்தானா என்பது அவன் விடையில் தெரிந்துவிடும். பொறுமை இருந்தால் சட்டம், ஆட்சிப்பணி, இதழியல், ஆவணக் காப்பகம், ஆசிரியப் பணி என்று பல வாசல்கள் உண்டு. வரலாற்றோடு இன்னொரு மொழியையோ அடிப்படைப் புள்ளியியலையோ சேர்த்துப் படிக்கட்டும். எனக்கு உங்கள் மகன் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு எந்தப் படிப்பு பாதுகாப்பானது? (பலர்)

பதில்: செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரும், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹிண்டன், 2016இல் ஒரு கருத்தைச் சொன்னார். இன்னும் ஐந்தாண்டில் கதிர்ப்படங்களை மருத்துவரைவிட எந்திரம் நன்றாகப் படித்துவிடும். ஆகவே கதிரியல் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்பதே அது. எந்திரங்கள் படங்களைத் திறமையாகப் படிக்கக் கற்றுக்கொண்டதென்னவோ உண்மை. ஆனால் எந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்வது, பழைய படங்களோடும் நோயாளியின் நிலையோடும் ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு கலந்து பேசுவது, தவறினால் பொறுப்பேற்பது எல்லாம் அதே மருத்துவரின் வேலையாகவே இருக்கின்றன. அவர்களுக்கான தேவையும் குறையவில்லை. துறையின் முன்னோடி ஒருவருக்கே கணிப்பு இப்படிப் பிசகும்போது, பாதுகாப்பான படிப்புகள் என்று நான் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது சோதிடமாகிவிடும். வேலையில் சேர்ந்த பிறகு தனியாகக் கற்றுக்கொள்ளக் கடினமானவற்றை, அதாவது கணிதத்தையும் ஆய்வகப் பழக்கத்தையும் தெளிவாக எழுதும் திறனையும், கல்லூரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். மென்பொருள் கருவிகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். அவை எப்படியும் மாறிவிடும்.

கேள்வி: இரண்டு பாடங்களை முதன்மையாக எடுத்தால் வாய்ப்பும் இரட்டிப்பாகுமா?

பதில்: ஆகாது. ஒன்று மற்றொன்றுக்குக் கை கொடுத்தால் எடுங்கள். எதை விடுவது என்று முடிவு செய்யத் தெரியாமல் இரண்டையும் எடுத்தால் முடிவைத் தள்ளிப்போட்டது ஆகுமே தவிர வேறில்லை.

கேள்வி: எல்லாரும் ‘உனக்குப் பிடித்ததைப் படி’ என்கிறார்கள். எனக்கு எதன் மீதும் அப்படியொரு பிடிப்பு இல்லை. என்னிடம் ஏதோ குறை இருக்கிறதா? (முதலாமாண்டு மாணவர்)

பதில்: குறை உங்களிடம் இல்லை, அந்த அறிவுரையில் இருக்கிறது. பிடிப்பு முன்னதாகவே உள்ளே இருக்கிறது, தேடி எடுக்க வேண்டியதுதான் என்று அது கருதிக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றைச் செய்து, கொஞ்சம் கைவந்த பிறகே பிடிப்பு பிறக்கிறது. தற்செயல்களைப் பயன்படுத்திக்கொள்ளக் கற்பதும் தொழில்தேர்வின் ஒரு பகுதிதான் என்று 1999இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஜான் கிரம்போல்ட்ஸ், தாம் உளவியலுக்கு வந்த கதையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டிய கெடு நெருங்கிவிட, தம் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய் யோசனை கேட்டார். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்தார்!

நான் படித்தது வேதியியல். அமில–கார முறித்தல் சோதனையில், அளவிக்குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒத்த அளவீடுகள் கிடைக்கும் வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும். என் பக்கத்தில் நின்ற தோழிக்கு அந்தச் சொட்டு விழும் நேரம் ஒவ்வொரு முறையும் திருவிழா. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மூன்றாவது அளவீடு ஏன் விலகிப்போயிற்று என்று ஆய்வேட்டில் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பொழுது போவது தெரியாது. ஒரு பத்தி எழுத வேண்டிய இடத்தில் இரண்டு பக்கம் எழுதுவேன். ‘இது ஆய்வேடா, கதையா?’ என்று பேராசிரியர் சிவப்பு மையில் கண்டித்து எழுதினார். நான் எந்தப் பக்கம் போக வேண்டியவன் என்பது அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நீங்கள் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று வாரம் இரண்டு செய்திகளை மட்டும் எழுதி வாருங்கள். எந்த வேலையில் இருந்தபோது நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலையைக் கெடுவுக்கு முன்பே முடித்தீர்கள் என்பவை அவை. பாடத்தின் பெயரை எழுத வேண்டாம். செய்த செயலை எழுதுங்கள். ‘உயிரியல்’ என்பதைவிட, ‘செடியின் இலைகளை வகைபிரித்து அட்டவணையில் இட்டேன்’ என்பது எனக்கு உங்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும். அந்தப் பக்கங்களை அனுப்பிவையுங்கள். உங்கள் பெயரை வெளியிடாமல் அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.